மூக்கக்கா கட்டிய பதினோரு பச்சைச் சீட்டுகள்

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. வாசல் காவலாளி முதல் மாடியில் உட்காரும் காப்பாளர் வரை எல்லாருக்கும் அவள் மூக்கக்கா. மூக்கு என்னவோ சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனால் நாலாயிரத்துச் சொச்சம் பழைய கையெழுத்துப் பிரதிகள் இருக்கும் அந்தக் காப்பகத்தில், ஒரு கட்டுக்குள் பூஞ்சை உயிரோடு இருக்கிறதா என்று மோந்து பார்த்துச் சொல்வது அவள்தான். பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேர்ந்தது கூட்டிப் பெருக்கும் வேலைக்கு. ஒருநாள் புதிதாக வந்து இறங்கிய மரப்பெட்டியைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தவள், "இதுக்குள்ள ஈரச்சாக்கு நாத்தம் வருதே" என்றாள். அப்போதிருந்த காப்பாளர் சிரித்தார். நாலு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கங்கள் சாம்பல் நிறப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. அடுத்த மாதமே துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போயிற்று. மூக்கக்காவுக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பூட்டுப் போடும் இழுப்பறை.

வேலை இப்படி. வீட்டுப் பரண்களிலிருந்து வரும் கட்டுகளை நேரே பெரிய அறைக்குள் விடமாட்டார்கள். முதலில் பின்பக்கத்துச் சின்ன அறை. அங்கே ஒவ்வொரு கட்டையும் காற்றுப் புகாத தகரப் பெட்டியில் வைப்பார்கள். பெட்டியின் அடியில் எலுமிச்சைப்புல் எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் ஊறிய மையொற்றும் தாள், அதற்கு மேலே கம்பி வலை, வலையின்மேல் கட்டு. எண்ணெய் ஏட்டில் படக்கூடாது, ஆவி மட்டும் பட வேண்டும். இப்படி ஏழு நாள். முன்பெல்லாம் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவினார்கள். அது பூஞ்சையையும் கொன்றது, வேலை பார்த்தவர்களின் கைத்தோலையும் உரித்தது. அதற்குப் பிறகுதான் இந்தச் செடிச் சாறுகள். அலமாரிப் பலகைக்கு வேப்பிலைச் சாறு, பெட்டிக்கு எண்ணெய் ஆவி. யாருக்கும் தோல் உரியவில்லை. ஆனால் செடிக்குக் கொஞ்சம் தாட்சணியம் அதிகம். சில பூஞ்சைகளை அது கொல்லாது, மயக்கிப் படுக்கவைத்துவிடும். ஆவி அடங்கி ஈரம் ஏறினால், படுத்தது எழுந்து உட்காரும்.

அதனால் எட்டாம் நாள் பெட்டியைத் திறந்து, இரண்டு நாள் காற்றாட விட்டு, மூக்கக்கா குனிவாள். புல்லுக்கும் கிராம்புக்கும் அடியில் நூலிழையாக அந்த இன்னொரு வாசனை இருக்கிறதா என்று தேடுவாள். இருந்தால் மறுபடி ஏழு நாள். இல்லையென்றால் ஒரு பச்சைச் சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கட்டில் கட்டுவாள். பச்சைச் சீட்டு வாங்கிய கட்டுக்குத்தான் பெரிய அறையில் இடம். கட்டைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் கண்ணாடித் தட்டில் தேய்த்து, ஏதாவது வளர்கிறதா என்று பார்க்கும் முறையும் ஒன்று இருந்தது. "தட்டுக்கு ஏழு நாள், அக்காவுக்கு ஏழு நொடி" என்பார் ஏடுகளைத் தைத்து ஒட்டும் பைண்டர். தட்டுகள் பீரோவில் தூங்கின.

அந்த மூக்குதான் போய்விட்டது.

ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல் அவளுக்கும் வந்தது. ஆறு நாள் படுத்தாள். ஏழாம் நாள் எழுந்து காபி போட்டுக் குடித்தால் வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. பொடி பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். மதியம் வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கில் எதுவும் வரவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து கிராம்பு டப்பாவை எடுத்துத் திறந்து மூக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். தகரத்தின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "சில பேருக்கு ஒரு மாசத்துல திரும்பிடும். சில பேருக்கு ஒரு வருஷம் ஆகும். திரும்பாமலும் போகலாம். மூக்குதானேம்மா, கண்ணு போகலையே" என்றார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். காற்றாடிக்கொண்டிருந்த கட்டு ஒன்று காத்திருந்தது. யாரோ ஒருவர் நாற்பது வருஷம் தன் தோட்டத்துக் கிணற்று நீர்மட்டத்தை எழுதிவைத்த குறிப்பேடு. பைண்டர் நூல்கண்டும் கையுமாகப் பக்கத்தில் நின்றார். அவர் நாற்பது வயதுக்காரர். கையில் எப்போதும் பசை, வாயில் எப்போதும் கேலி. மூக்கக்கா குனிந்தாள். ஏடு, காற்று, மேஜை, எல்லாம் ஒன்றாக இருந்தன. கிராம்புகூட இல்லை.

"என்னக்கா, ஏழு நொடி எப்பவோ தாண்டிருச்சு. மூக்குக்கும் லீவு குடுத்துட்டீங்களா?"

அவள் நிமிர்ந்தாள். "உன் பசை வாடையில ஒரு எழவும் தெரியலை. கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி."

அவர் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அவள் மறுபடி குனிந்து, எழுந்து, பச்சைச் சீட்டைக் கட்டினாள். நாளைக்கோ மறுநாளோ மூக்கு வந்துவிடும், வந்த உடனே பெரிய அறைக்குப் போய் இதை ஒரு தடவை மோந்துவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

மூக்கு வரவில்லை. கட்டுகள் வந்தன. இரண்டாவது சீட்டு கட்டியபோது, முதல் சீட்டை ஒப்புக்கொள்ளாமல் இரண்டாவதைப் பற்றிப் பேச முடியாது என்று தெரிந்தது. ஐந்தாவதின்போது, பேசினால் ஐந்தையும் சேர்த்துப் பேச வேண்டும். இப்படியே பயம் கட்டுக்கட்டாகச் சேர்ந்தது. சந்தேகமாக இருந்தவற்றை மறுபடி ஏழு நாள் போட்டாள். ஆனால் எல்லாமே சந்தேகமாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டால் பைண்டர் கேட்பார். பைண்டர் கேட்டால் காப்பாளர் கேட்பார்.

எண்ணெயையும் அவள் சொட்டு எண்ணி ஊற்றிப் பழகியவள் இல்லை. ஆவியின் காரம் மூக்கில் ஏறும் அளவை வைத்துத்தான் ஊற்றுவாள். இப்போது எவ்வளவு ஊற்றினாலும் போதாத மாதிரியே இருந்தது. ஒருநாள் பைண்டர் இருமிக்கொண்டே சின்ன அறையிலிருந்து வெளியே ஓடினார்.

"என்னக்கா இது, புல்லுக்காட்டுக்குள்ள குடித்தனம் வெச்ச மாதிரி இருக்கு? கண்ணு எரியுது."

"மழை வரப்போகுதுல்ல. ஈரம் ஜாஸ்தி. அதான் கொஞ்சம் கூட ஊத்தினேன்."

"உங்களுக்கு எரியலையா?"

"பழகிப்போச்சு" என்றாள். அன்றைக்குத் திறந்த கட்டில் ஒரு பக்கத்தின் ஓரம் எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரிந்தது. அந்த ஓரத்தை அவள் விரலால் ஒருதரம் தடவினாள். கட்டை மூடி, சீட்டைக் கட்டினாள். அது ஒன்பதாவது.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். பாத்திரம் துலக்குவது, டப்பாக்களை உயர வரிசையில் அடுக்குவது, கீல்களுக்கு எண்ணெய் போடுவது என்று வீட்டை ஒரு லிஃப்ட் அறை மாதிரி வைத்திருந்தார். அவரிடமும் அவள் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலை தானாக வெளியே வந்தது.

சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தவர், வாசலிலேயே நின்றார். பிறகு அந்த முழங்காலோடு அவர் வந்த வேகத்தை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுப்பின் திருகைத் திருப்பி அணைத்தார். ஜன்னலைத் திறந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"கேஸ் பாதி திறந்து கிடக்கு. அது நடுவுல உக்காந்து கீரை ஆயறே. என்னம்மா ஆச்சு உனக்கு?"

அவளுக்கு அழுகை வரவில்லை. "வாசனை தெரியலைங்க. காய்ச்சல்லேர்ந்து" என்றாள்.

அவர் முழங்காலைத் தடவினார். "ஆபீஸ்ல தெரியுமா?"

"இல்லை."

"அப்ப அங்க எப்படி மோந்து சொல்றே?"

அவள் கையில் தங்கிவிட்ட கீரைக்காம்பை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் கயிறு இழை பிரிஞ்சிருக்கான்னு பார்க்குறவனுக்குக் கண்ணு தெரியலைன்னா, அவன் ஆளை ஏத்திட்டுச் சாமியைக் கும்பிடுவானா? லிஃப்டை நிறுத்தணும்மா."

"சொன்னா மறுபடி துடைப்பத்தைக் குடுப்பாங்க."

"குடுத்தா என்ன, துடைப்பம் கடிக்குமா?"

"உங்களுக்கு என்னங்க. நீங்க துலக்கினா வீட்டு வேலையில உதவின்னு பேரு. நான் துடைப்பம் எடுத்தா, வந்த இடத்துக்கே போயிட்டான்னு பேரு."

அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைப்பதும் அணைப்பதும் அவர் பொறுப்பாயிற்று. பால் கெட்டுப்போனதா, சோறு ஊசிப்போனதா என்பதையும் அவரே மோந்து பார்த்து, சத்தமில்லாமல் கொட்டினார். அவளைக் கேட்பது அவளைக் குத்துவது மாதிரி என்று நினைத்தார்.

மழைக்கு முன்னால் பெரிய அறையைப் பூட்டுவது அந்தக் காப்பகத்தின் வழக்கம். வருஷா வருஷம் கதவு ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பைண்டர் தாள் பட்டைகளை ஒட்டிவிடுவார். ஈரக்காற்று நுழையாது. மூன்று மாதம் கழித்து வெயில் வந்த பிறகுதான் பட்டைகளைக் கிழிப்பார்கள். அந்த வருஷம் சனிக்கிழமை பூட்டுவது என்று அறிவிப்புப் பலகையில் தாள் தொங்கியது. மூக்கக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அவள் அனுப்பிய பதினோரு கட்டுகளில் ஒன்றாவது விழித்துக்கொண்டால், மூன்று மாதம் அதைப் பார்க்க ஆளில்லை. இருட்டு, அசையாத காற்று, பக்கத்திலேயே உரசிக்கொண்டு அடுத்த கட்டு. திறக்கும்போது அறை முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. அவள் கண்ணை மூடினாலே அந்தப் பஞ்சு தெரிந்தது.

அறிவிப்பு வந்தபோது கையில் பன்னிரண்டு நாள் இருந்தது. தட்டு முறை நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் காப்பாளர் செய்துகாட்டியதைப் பார்த்திருக்கிறாள். பீரோவைத் திறந்து தட்டுகளை எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். வீட்டிலேயே செய்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்த தண்ணீரை வடிகட்டி, சர்க்கரை போட்டு, கடைகளில் இனிப்பு செய்ய விற்கும் கடற்பாசியைக் கரைத்துக் காய்ச்சி, பதினோரு சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றிக் குக்கரில் வைத்து எடுத்தாள். ஆறியதும் வழுவழுவென்று உறைந்தது. பெரிய அறையில் தூசி தட்டும் முறை அவளுடையதாக வந்த புதன்கிழமை, பதினோரு கட்டுகளின் முதுகிலும் மடிப்பிலும் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து, தனித்தனியாகத் தாளில் மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் வரும்போது நெஞ்சில் பதினோரு உயிர்களை வைத்திருப்பது போல் இருந்தது. குப்பி மூடிகளில் ஒன்று முதல் பதினொன்று வரை எண் எழுதிய தாளை ஒட்டி, மேல் அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி லிஃப்ட் கயிற்றைப் பற்றிப் பேசுவார்.

தினமும் அவர் குளிக்கப் போகும் நேரம் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஒன்றும் இல்லை. நாலாம் நாள் ஒரு குப்பியில் வெள்ளையாக ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் படிந்த மூச்சாகவும் இருக்கலாம். இறங்கும்போது ஸ்டூல் ஆடியது, அவள் ஆடினாளா என்று தெரியவில்லை. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் அவர் சமையலறையை விட்டு நகரவில்லை. ஏழாம் நாள், அடுத்த புதன்கிழமை மாலை, வேலை விட்டு வந்ததும் ஏறினாள்.

பருப்பு டப்பாக்கள் உயர வரிசையில் நின்றன. பின்னால் காலி.

கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், துணிமேல், பதினோரு குப்பிகளும் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன.

"என்னங்க." இறங்கி ஒரு குப்பியைக் கையில் எடுத்தாள். "இதுல இருந்தது எங்க?"

அவர் கூடத்திலிருந்து வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அதை விடும்மா. நீ என்னவோ ஜெல்லி செஞ்சு வெச்சு மறந்துட்டே. கெட்டுப்போயிருந்தது. உனக்கு வாடை தெரியாது, பாவம், நீ என்ன செய்வே. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான் நானே கொட்டிக் கழுவி வெச்சேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவருக்கு விஷயத்தைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை. கேட்டுவிட்டு அவர் குப்பிகளைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் இல்லைம்மா. ஒண்ணுல மட்டும்தான். கரும்பச்சையா, வட்டமா, மேலே தூள் மாதிரி. மத்ததெல்லாம் சுத்தமா இருந்தது. ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டதுதான்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"எந்த நம்பர்?"

"தாளெல்லாம் வெந்நீர்ல ஊறி வந்துருச்சு." அவர் குரல் இறங்கியது. "நான் பார்க்கலையேம்மா."

ஒன்று. பதினொன்றில் ஒன்று நிச்சயமாக உயிரோடு இருக்கிறது, எது என்று தெரியாது. மறுபடி வளர்க்க ஏழு நாள் வேண்டும். சனிக்கிழமைக்கு மூன்று நாள்.

வியாழக்கிழமை சொல்லப் போனாள். காப்பாளர் அறையில் யாரோ இருந்தார்கள். அவர்கள் போன பிறகும் அவள் வராந்தாவில் நின்றாள், பிறகு திரும்பி வந்து மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். வெள்ளிக்கிழமை காலை பைண்டர் வாளி நிறையப் பசை காய்ச்சி, அதில் கிராம்புக் கஷாயத்தை ஊற்றிக் கலக்கி, பெரிய அறையின் முதல் ஜன்னலில் பட்டை ஒட்டத் தொடங்கினார். இரண்டாவது ஜன்னல் முடிந்தது. மூன்றாவதன் மேல்பட்டையை அவர் உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தபோது மூக்கக்கா மாடிப்படி ஏறினாள்.

காப்பாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். அதிகம் சிரிக்காத பெண்மணி. "சொல்லுங்கக்கா" என்று பேனாவை மூடினார்.

"மேடம், பெரிய ரூமைப் பூட்டாதீங்க. உள்ள ஒண்ணு உயிரோட இருக்கு."

"எது?"

"தெரியலை. பதினொண்ணுல ஒண்ணு." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வாசனை போயிடுச்சு மேடம். எழுபத்திரெண்டு நாளாச்சு. மோந்து பார்க்காமலேதான் சீட்டுக் கட்டினேன்."

காப்பாளர் மூடிய பேனாவைக் கீழே வைத்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மெதுவாக இறுகுவதை மூக்கக்கா நின்றபடி பார்த்தாள்.

"ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"மறுபடி பெருக்க அனுப்பிடுவீங்கன்னு பயம்."

"அனுப்பியிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியலை." அவர் எழுந்தார். "வாங்க. நீங்களே எடுத்துக் குடுங்க. எது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

பைண்டரிடம் காப்பாளரே இரண்டு வரியில் சொன்னார். அவர் கையிலிருந்த பட்டையை வாளியில் போட்டார். மூக்கக்காவைப் பார்க்கவில்லை. "பசை வாடைன்னு என்னைத் தள்ளி நிக்கச் சொன்னீங்களே அக்கா. நானும் பசையை மாத்தணுமோன்னு ரெண்டு நாள் யோசிச்சேன்" என்றார். அதில் கேலி இல்லாததுதான் அவளுக்கு வலித்தது.

பதினோரு கட்டுகளும் மேஜைக்கு வந்தன. காப்பாளர் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார், பைண்டரும் பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒரே பழைய தாள் வாசனைதான் மேடம். இதுல எது கெட்டதுன்னு நான் எங்க கண்டேன்?" காப்பாளருக்கும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் இன்னொரு மூக்கைப் பழக்க யாருக்கும் தோன்றவில்லை. மூக்கக்கா டார்ச்சைக் கேட்டு வாங்கினாள். ஜன்னலை மூடச் சொல்லி, வெளிச்சத்தைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்து அடித்தாள். எட்டாவது கட்டு, ஏதோ ஒரு நாடகக் குழு கையால் எழுதிவைத்த வசன நோட்டு. பழைய மாவுப்பசை தடிமனாகக் காய்ந்த முதுகை பைண்டர் கத்தி நுனியால் மெல்லப் பிரித்தார். உள்ளே, வெளிச்சம் சாய்ந்த இடத்தில், சிலந்தி நூலைவிட மெல்லிய இழைகள் நின்றன. ஒன்றிரண்டின் தலையில் கரும்பச்சைப் பொட்டு.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், ஊதிவிடக் கூடாதே என்று.

நாடக நோட்டு தகரப் பெட்டிக்குள் போயிற்று. மற்ற பத்தையும், பதினோரு இடங்களிலும் இடமும் வலமும் உரசிக்கொண்டிருந்த கட்டுகளையும் சேர்த்து முப்பத்திரண்டு. எல்லாம் சின்ன அறைக்கு மாறின. காப்பாளர் பீரோவைத் திறந்து தட்டுகளைக் கழுவச் சொன்னார். இந்தத் தடவை எண்களைக் கண்ணாடியிலேயே கீறினார்கள். பெரிய அறையைப் பூட்டவில்லை. மழை அந்த ஞாயிறே வந்துவிட்டது. ஏழு நாளும் மூக்கக்கா மணிக்கு ஒருதரம் பெரிய அறையின் ஈரமானியைப் பார்த்து எழுதினாள். அவளிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை. யாரும் அதிகம் பேசவும் இல்லை. வீட்டில் அவர், "என்ன சொன்னாங்க?" என்று தினமும் கேட்டார். "இன்னும் ஒண்ணும் சொல்லலை" என்றாள் தினமும்.

எட்டாம் நாள் காப்பாளர் தட்டுகளைச் சின்ன அறை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். முப்பது தட்டுகள் சுத்தம். நாடக நோட்டின் தட்டு எதிர்பார்த்த மாதிரியே கரும்பச்சை. இரண்டு தட்டுகளில் வேறு ஏதோ இருந்தது. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் ரோஜா நிறமாகப் பரந்த படலம்.

"பரவிடுச்சா மேடம்?" அவள் ரோஜா நிறத் தட்டின்மேல் குனிந்தாள். "நாடக நோட்டுலேர்ந்தா?"

"இல்லை. இது வேற ஜாதி. இந்த ரெண்டும் நாடக நோட்டுப் பக்கத்துல இருந்ததும் இல்லை." காப்பாளர் அந்த இரண்டு கட்டுகளையும் அவள் பக்கம் நகர்த்தினார். "சீட்டைப் பாருங்க."

மூக்கக்கா பார்த்தாள். ஒன்றில் ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. இன்னொன்றில் ஒன்பது வருஷம். இரண்டிலும் அவளுடைய கையெழுத்து, கடைசி எழுத்தைச் சுழித்து.

"அப்ப எனக்கு வாசனை நல்லாத் தெரிஞ்சுதே மேடம்."

"தெரிஞ்சுது."

"நான் மோந்துதான் கட்டினேன்."

"மோந்துதான் கட்டினீங்க. நான் நம்புறேன்." காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தூங்குறதுக்கு வாசனை கிடையாதுபோல. முழிச்சிருந்ததைத்தான் நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. நாங்களும் அது போதும்னு இருந்துட்டோம்."

பைண்டர் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றிருந்தார். யாரும் கேட்காத கேள்வியை மூக்கக்கா கேட்டாள்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"நாலாயிரத்து இருநூறு. வாரத்துக்கு நாற்பது தட்டு வெச்சா ரெண்டு வருஷம்." காப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முதல் அலமாரியிலேர்ந்து தொடங்கணும். பஞ்சு எடுக்குற வேலை உங்களுக்கு. எண்ணெயைச் சொட்டுக் கணக்குல ஊத்துறது இனிமே பைண்டர். நடந்தது அறிக்கையில வரும், அதை என்னால விட முடியாது."

"வரட்டும் மேடம்."

பெரிய அறையில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே மழை பிடித்துப் பெய்தது. அலமாரி அலமாரியாக, கூரை வரை, பச்சைச் சீட்டுகள் காற்றில் மெல்ல ஆடின. பதினெட்டு வருஷம் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. எழுபத்திரண்டு நாள் பதினொன்றுக்கு மட்டும்தான் பயந்தாள். இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அறையின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"எந்த மூலையிலேர்ந்துக்கா?" பைண்டர் தட்டுகளை ஏந்திக்கொண்டு பின்னால் வந்து நின்றார். இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றார்.

"மேடம் சொன்ன மாதிரி. முதல் அலமாரி, மேல் தட்டு. ஸ்டூலைப் பிடிச்சுக்கோ தம்பி."

ஏறினாள். முதல் கட்டின் சீட்டு மங்கி வெளுத்திருந்தது, கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. அதைக் கத்தரியால் வெட்டி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, கட்டை அவிழ்த்து, பஞ்சுக்குச்சியை எடுத்தாள்.